தொந்தி போட்ட கோடு

கம்பு இடிக்கிறதா அண்ணாச்சி? காலைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் துணி சுற்றித்தான் கொண்டுவந்திருக்கிறேன், குத்தாது. ஏறும்போதே கண்டக்டர் ஒரு பாட்டம் பாடிவிட்டார். "என்னடே, இது பஸ்சா, பந்தல்காரன் வண்டியா?" என்று கேட்டார். லக்கேஜ் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். போட்டுவிட்டார். எனக்கு ஆழ்வார்குறிச்சிக்கு ஒரு டிக்கெட், கம்புக்குத் தென்காசிக்கு ஒரு டிக்கெட். டிக்கெட்டைக் கிழிக்கும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீங்களும்தான் பார்த்தீர்கள்.

அந்த விஷயமாகத்தான் உங்களிடம் ஒரு உதவி. நீங்கள் தென்காசி டிக்கெட் எடுத்ததைக் கவனித்துவிட்டுத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் துண்டு போட்ட பையன்கள் நிற்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். நெல்லை மண்டலத்துக் கம்பு என்று சொன்னால் போதும். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் எங்கே இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது என்றுவிடுங்கள்.

நீயே போய்க் கொடுத்தால் என்ன என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். நியாயமான கேள்வி கேட்கிறவர்களிடம் எனக்குக் கோபமே வராது. ஆழ்வார்குறிச்சி வர இன்னும் நேரம் கிடக்கிறது, இந்த வண்டி அம்பாசமுத்திரம் போய்ச் சுற்றித்தானே போகும். சொல்கிறேன், கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அகில இந்திய மாணவர் தோழமை என்று ஒன்று இருக்கிறது. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஹாஸ்டல் சாம்பாரில் புழு கிடந்தால் நாங்கள் போய் நிற்போம். பஸ் பாஸ் இழுத்தடித்தால் டிப்போ வாசலில் உட்காருவோம். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும் என்றால் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு ஓடுவோம். அவ்வளவுதான் தோழமை. டெல்லியில் தலைமை, அதுக்குக் கீழே மாநிலம், மாநிலத்துக்குக் கீழே மண்டலம், மண்டலத்துக்குக் கீழே கல்லூரிக் கிளைகள். அதில் நெல்லை மண்டலத்துக்குச் செயலாளர் யார் என்று கேட்டால், வள்ளிநாயகம். நான்தான். இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் நான்தான்.

மண்டலத்துக்கு மண்டலம் ஒரு கொடிக்கம்பு உண்டு. இதுதான் எங்களுடையது. எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது அண்ணாச்சி, யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. ஒரு மண்டலம் கலைந்து இன்னொன்றோடு சேர்ந்தால், கலைகிற மண்டலத்துச் செயலாளர் கம்பைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாடகை வண்டி கூடாது, ஜனங்களோடு ஜனமாகப் பஸ்சிலோ ரயிலிலோதான் போகவேண்டும். கொடுத்த கையோடு புதுச் செயலாளர் பேரைச் சொல்லி முதல் கோஷம் அவர்தான் போடவேண்டும். அதுக்குக் கூட்டம் "வாழ்க!" என்று பதில் சத்தம் கொடுக்கவேண்டும். அப்புறம்தான் கொடி ஏறும், மாநாடு தொடங்கும். அதுவரைக்கும் எல்லாரும் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

இன்றைக்குத் தென்காசியில் அப்படி நிற்கட்டும் என்று நான் சொல்லவில்லை. கம்பைத்தான் அனுப்புகிறேனே.

கோஷம்? கோஷத்தை யாராவது போட்டுக்கொள்வார்கள். அங்கே சத்தத்துக்கா பஞ்சம்? அவனே போட்டுக்கொள்வான்.

அவன் யார் என்று சொல்லவில்லை, பாருங்கள். கோயில்பிச்சை. அந்தப் புதுச் செயலாளர். சுரண்டைக்காரன். தாத்தா பேராம். இந்தக் காலத்தில் அப்படி ஒரு பேரை வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தால் எவனாவது கேலி செய்வான் இல்லையா? இவனை ஒருத்தன்கூடச் செய்யவில்லை. அது எனக்கு இன்றுவரைக்கும் புரியாத விஷயம். என் பேரை வைத்து முதல் வாரமே பாட்டுக் கட்டினார்கள்.

அவனைத் தோழமைக்குக் கொண்டுவந்ததே நான்தான். அதை ஒரு ஓரமாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் படிக்கும்போது மெஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்று, "அண்ணே, இதுக்குப் பேர் ரசம்னா குளத்துக்கு என்ன பேரு?" என்று சமையல்காரரிடம் கேட்டான். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். கூடவே ஒரு அப்பளமும் வைத்தார். ஆள் நமக்கு ஆவான் என்று அன்றைக்கே கூட்டத்துக்கு அழைத்துப்போனேன். அன்றிலிருந்து ஆரம்பித்தது.

என் சத்தத்தைக் கேட்கிறீர்களே, இப்படித்தான் எப்போதும். மெல்லிசு. மனுஷனுக்கு மனுஷன் பேச இது போதும். கோஷத்துக்கு, உண்மையைச் சொன்னால், இரண்டாம் வரிசையைத் தாண்டாது. ஆனால் சத்தமா முக்கியம்? விஷயம்தானே முக்கியம். டிப்போ வாசலில் ஒருநாள் "மாணவர் ஒற்றுமை" என்று நான் எடுக்கிறேன், முடிக்கக்கூட இல்லை, எனக்கு நேர் பின்னாலிருந்து "ஓங்குக!" என்று ஒரு சத்தம். இடி விழுந்த மாதிரி. கூட்டம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு கத்துகிறது. டிப்போ மேனேஜர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். யாரைப் பார்த்தார்? அவனை. சாயங்காலப் பேப்பரில் படம் வந்தது. அவன் வாயைத் திறந்துகொண்டு நடுவில் நிற்கிறான். ஓரத்தில் என் காது மட்டும்.

என் காதுதான் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்?

அதிலிருந்து எல்லாக் கூட்டத்திலும் இதே கதை. நான் எடுப்பேன், அவன் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வான். வேறு இடமே கிடையாது அவனுக்கு. என் சத்தத்தை அமுக்குவதற்கென்றே அங்கே நிற்கிறான் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தராவது நம்பவேண்டுமே.

மன்னித்துக்கொள்ளுங்கள், போன் அடிக்கிறது. அவன்தான். அடிக்கட்டும்.

வீட்டுக்கும் ஒருதடவை கூட்டிப் போனேன். அது என் தப்பு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊரே வருகிறது, அவனும் வரட்டும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் சொதி வைத்திருந்தார்கள். தேங்காய்ப்பால் குழம்பு, உங்களுக்குத் தெரியாததா. எனக்குச் சின்னப் பிள்ளையிலிருந்தே அது ஆகாது. அம்மா எனக்கென்று தனியாக ரசம் வைப்பாள். இவன் இலையை வழித்துவிட்டு, "யம்மா, இந்தச் சொதிக்காகவே நான் இந்த வீட்டுல பெறந்திருக்கலாம்மா" என்றான். எங்கள் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் சட்டென்று, எனக்கும் சொதி ஊற்றும்மா என்றேன். ஊற்றினாள். மறுபடியும் வாங்கினேன். மறுபடியும். ராத்திரி பூரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அப்போதும் கூடவே இருந்து ஓமத்தண்ணி கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நல்லவன் என்று எங்கள் அம்மாவிடம் பேர் வாங்குவதற்கு அதையும் பயன்படுத்திக்கொண்டான்.

இப்போது நான் தனியாகப் போனால் அம்மா வாசலுக்கு வந்து, எனக்குப் பின்னால்தான் எட்டிப் பார்க்கிறாள். "பிச்சை வரலையாடே?"

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள் அண்ணாச்சி. நான் நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் டெல்லியில் ஒரு முடிவு எடுத்தார்கள். பெரிய மண்டலங்களைப் பிரிக்க வேண்டும், அப்போதுதான் வேலை நடக்கும் என்று. எங்கள் மண்டலம் அப்போது கடற்கரையிலிருந்து மலை வரைக்கும் கிடந்தது. மாநிலத் தலைவர் செங்கமலம் அக்கா திருச்சியிலிருந்து வந்தார். பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூட்டம். "வள்ளிநாயகம், உனக்குத்தான் மண்டலம் பூரா தெரியும். நீயே கோடு போடு" என்று சாக்பீசை என் கையில் கொடுத்தார். அவரைப் போல ஆள் அறிந்து பேசுகிறவர்கள் குறைவு.

கரும்பலகையில் மண்டலத்தை வரைந்தேன். வடக்கிலிருந்து தெற்கே ஒரு கோடு. கிழக்கே நெல்லை மண்டலம், மேற்கே தென்காசி மண்டலம். சுரண்டை மேற்கே போனது. நான் அனுப்பவில்லை, சுரண்டை அங்கேதான் இருக்கிறது, பூமியை நானா படைத்தேன்? கோடு தெற்கே வந்தது. எங்கள் ஆழ்வார்குறிச்சி பக்கத்தில் கொஞ்சம் மேற்கே வளைத்து, ஊரை உள்ளே எடுத்துக்கொண்டு, திரும்பவும் நேரே இழுத்தேன்.

பின் பெஞ்சிலிருந்து அவன் குரல். "ஏல, கோடு என்ன அந்த எடத்துல தொந்தி போட்டிருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் எல்லாவற்றுக்கும் அம்பாசமுத்திரத்துக்குத்தான் வருவார்கள், பஸ் வசதியை வைத்துப் போட்டேன் என்றேன். "அப்பம் பக்கத்து ஊரு கடையத்துக்காரன் மட்டும் குதிரையில போவானா?" என்றான். மறுபடியும் சிரிப்பு. அன்றிலிருந்து தொந்திக் கோடு என்றுதான் அதுக்குப் பேர். மாநிலக் கூட்டத்தில்கூட அப்படித்தான் சொல்கிறார்கள் என்று கேள்வி.

அடுத்து நான் ஒரு யோசனை வைத்தேன். ஒருத்தன் எந்த மண்டலத்தைச் சேர்ந்தவன் என்பதைக் கல்லூரியை வைத்துப் பார்க்கக்கூடாது, சொந்த ஊரை வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்று. கல்லூரி மூன்று வருஷம், ஊர் ஆயுசுக்கும். நல்ல கொள்கையா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்? அவன் பாளையங்கோட்டையில் படித்தாலும் சுரண்டைக்காரன் என்பதால் தென்காசி மண்டலத்துக்குப் போகவேண்டி வரும் என்பது வேறு விஷயம். கொள்கை என்று வந்தால் சிலதுக்கு மனசைக் கல்லாக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

அதுக்கு அவன் என்ன செய்தான் தெரியுமா? கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது என் தோளில் கையைப் போட்டு, "மக்கா, ஒண்ணு யோசிச்சியா? பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல கெடக்கிறது பூரா எங்க பக்கத்துப் பயலுவ. கடையநல்லூர், புளியங்குடி, ஆலங்குளம். ஊர வச்சுப் பிரிச்சா எல்லாரும் மேக்க வந்துருவானுவ. ஒனக்கு ஆள் இருக்காதுல" என்றான்.

என்ன தந்திரம் பாருங்கள்! இங்கேயே ஒட்டிக்கொண்டிருக்க வழி பார்க்கிறான் என்று புரிந்துகொண்டேன். "எனக்கு ஆள் சேர்க்கத் தெரியும்" என்றேன். கையை எடுத்துக்கொண்டான். "சரி மக்கா" என்றான்.

அப்புறம் என்ன ஆனது என்றால், அவன் சொன்ன மாதிரியே ஆனது. அவன் சொன்னதால்தான் ஆனது என்று எனக்கு ஒரு எண்ணம்.

தென்காசி மண்டலத்துக்கு இவனைச் செயலாளராகப் போட்டார்கள். அன்றைக்கு அதுக்கு ஒரு பேர்ப்பலகை கிடையாது, நாற்காலி கிடையாது. இவன் என்ன செய்தான், சனிக்கிழமை மத்தியானம் ஹாஸ்டல் பையன்கள் ஊருக்குப் போவார்களே, அந்தப் பஸ்சில் ஏறினான். படிக்கட்டிலிருந்து டிரைவர் சீட்டு வரைக்கும் மாணவர்கள். நடுவில் நின்றுகொண்டு கூட்டத்தையே நடத்திவிட்டான். பாவூர்சத்திரம் வருவதற்குள் ஒரு கிளை உருவாகியிருக்கும். இறங்குகிற ஊரில் ஒருத்தனைப் பொறுப்பாளராகப் போட்டுவிடுவான். டிரைவரே, "இன்னைக்கு என்னப்பா தீர்மானம்?" என்று கேட்பாராம். இதெல்லாம் ஒரு அமைப்பு வேலையா? பஸ்சிலேயா?

நான் முறையாக நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும், அதே மாடியில், நாற்காலி போட்டு. ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் காலியாக இருக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடைசியில் நானும், பொருளாளரும், தூத்துக்குடிக்காரன் ஒருத்தனும். அவன் காற்றாடிக்காக வருகிறவன். கரண்ட் போனால் எழுந்து போய்விடுவான். ஒருநாள் பொருளாளர் வரவில்லை, கரண்டும் போய்விட்டது. தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன். வழிமொழிய ஆள் இல்லை.

சிரிக்காதீர்கள் அண்ணாச்சி. சிரிக்கிற விஷயமா இது?

போன மாதம் செங்கமலம் அக்கா போன் செய்தார். நெல்லையைத் தென்காசியோடு சேர்த்துவிடலாம் என்று மாநிலக் குழு முடிவு செய்திருக்கிறதாம். நெல்லை, தென்காசியோடு! தாமிரபரணி போய் ஓடையில் விழுகிற மாதிரி. அக்கா மேலே பேசினார். "செயலாளர் யார்னு பிச்சைகிட்ட கேட்டோம். வள்ளிநாயகமே இருக்கட்டும்க்கா, நான் கூட இருந்து பார்த்துக்கிடுதேன்னு சொல்றான். நீ என்ன சொல்ற?"

திமிரைப் பார்த்தீர்களா? பதவியைத் தள்ளிவிடுகிற அளவுக்குத் திமிர். அவன் தள்ளிவிட்டதை நான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். முடியாது என்றுவிட்டேன். அவனே இருக்கட்டும் என்றேன். சொல்லிவிட்டுப் போனை வைத்தபிறகு, ஒருவேளை அக்கா இன்னொருதடவை கேட்பாரோ என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

திரும்பவும் அடிக்கிறான் பாருங்கள். எதுக்கு அடிக்கிறான் என்று தெரியும். "எங்கல இருக்க? சாப்பிட்டியா?" இதைத்தான் கேட்பான். மாநாட்டை வைத்துக்கொண்டு ஒரு மண்டலச் செயலாளர் கேட்கிற கேள்வியா?

என்ன கேட்டீர்கள்? ஒரு பேரைச் சொல்லி ஒரு கோஷம் போடுவதில் என்ன கஷ்டம் என்றா?

கஷ்டம் இல்லை. சொல்லிப் பார்த்தேனே. நேற்று அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். தோழர் கோயில்பிச்சை. வந்தது. சொல்ல வருகிறது. பிரச்சினை அது இல்லை.

நீங்கள் வெளியாள், உங்களிடம் சொல்லலாம். தென்காசி மைதானம் பெரிது. ஆயிரம் பேராவது நிற்பார்கள். நான் மேடையில் ஏறி, "தோழர் கோயில்பிச்சை" என்று சொல்வேன். இரண்டாம் வரிசைக்குமேல் யாருக்கும் கேட்காது. எப்போதும் அப்படித்தான். எப்போதும் அந்த இடத்தில்தான் பின்னாலிருந்து அவன் சத்தம் வரும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இது அவன் பேர் இல்லையா? தன் பேருக்குத் தானே வாழ்க என்று எவனாவது சொல்வானா? வாயை மூடிக்கொண்டுதான் நிற்கவேண்டும். நான் சொன்ன சொல் அப்படியே மேடையில் கிடக்கும். ஆயிரம் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதுக்குத்தான் கம்பை மட்டும் அனுப்புகிறேன். அமைப்பின் கௌரவத்துக்காக. எனக்காக இல்லை.

அதோ, அந்த வளைவு திரும்பினால் எங்கள் ஊர். நான் வாசல் பக்கம் போகிறேன். கம்பின் இந்த முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தரையில் மட்டும் படவிடாதீர்கள், அது ஒரு பழக்கம். மஞ்சள் துண்டு. யாரிடம் வேண்டுமானாலும்.

இருங்கள்.

இருங்கள் அண்ணாச்சி, ஒரு நிமிஷம். அங்கே ஸ்டாப்பில் நிற்கிறது யார் என்று பாருங்கள். டீக்கடைத் தட்டி ஓரமாக, மஞ்சள் துண்டு. நெட்டையாக. போனைக் காதில் வைத்துக்கொண்டு.

அவன்தான்.

இவனுக்கு யார் சொன்னது? நேர் பஸ் கிடக்கும்போது நான் சுற்றுப் பஸ்சில் வருவேன் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? மாநாட்டை அங்கே போட்டுவிட்டு இங்கே வந்து நிற்கிறான். கையில் என்ன? தூக்குச்சட்டி. அது எங்கள் வீட்டுத் தூக்குச்சட்டி அண்ணாச்சி! பிடியில் பச்சை நூல் சுற்றியிருக்கிறது பாருங்கள், அம்மா சுற்றினது. வீட்டுக்குப் போய் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். சொதியாகத்தான் இருக்கும். ஒருத்தனுக்குத் தன் வீட்டுக்குக்கூட முதலில் போகமுடியாதா?

நான் இறங்கவில்லை. எப்படி இறங்குவேன்? அவன் அல்லவா ஏறுகிறான், பின்வாசல் வழியாக.

"ஏல வள்ளிநாயகம்! போன எடுத்தா கையா ஒடைஞ்சிரும்? அம்மா ஒனக்கு ரசம் குடுத்துவிட்டிருக்கா. சொதி ஒனக்கு ஆகாதாம்லா, அன்னைக்கு ஏம்ல சொல்லல?"

கேட்டீர்களா, பஸ் பூரா திரும்பிப் பார்க்கிறது. என் வயிற்றைப் பற்றி ஊருக்கே சொல்கிறான்.

கம்பின் அந்த முனையை அவன் பிடித்துக்கொண்டான். நீங்கள் விட்டுவிடலாம் அண்ணாச்சி, பாரம் தெரியாது. எங்கே போய் நிற்கிறான் என்று பார்த்தீர்களா? முன்னால் அவ்வளவு இடம் கிடக்கிறது, எனக்குப் பின்னால் போய் நிற்கிறான்.

கண்டக்டர் அண்ணே, எனக்குத் தென்காசி ஒன்று கொடுங்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து. என்ன? எடுத்தாகிவிட்டதா? யார்? அவனா?

பாருங்கள், டிக்கெட்டில்கூட முந்திக்கொண்டான்.

அண்ணாச்சி, தப்பாக நினைக்காதீர்கள், இன்னும் ஒரே ஒரு உதவி. பஸ் ஸ்டாண்டிலிருந்து மைதானம் பக்கம்தான். உங்களுக்கு அவசரம் இல்லை என்றால் வந்து கடைசி வரிசையில் நில்லுங்கள். அவனுக்குத் தெரிய வேண்டாம். நான் பேரைச் சொல்லி வாயை மூடின உடனே, கேட்டாலும் கேட்காவிட்டாலும், வாழ்க என்று ஒரு சத்தம் கொடுங்கள். உங்களுக்கு நல்ல குரல், ஏறும்போதே கவனித்தேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவனால் எனக்கு எடுத்துக்கொடுக்க முடியாது.